பல்வரிசையைச் சீராக்க எவ்வளவு செலவாகும்? அலைனர் அணிய நினைக்கும் பெரியவர்கள் அறிய வேண்டியவை

கல்யாண மண்டபத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது கவனித்துப் பாருங்கள். எல்லோரும் பல் தெரியச் சிரிக்கும்போது ஒருவர் மட்டும் உதட்டை இறுக மூடிக்கொண்டு நிற்பார். இன்னொருவர் கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரிப்பார். கூச்சம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர் மறைப்பது முன்வரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் பற்களை.

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து, இன்று ஆயர் குரோவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வேலை பார்க்கும் நடுத்தர வயதினர் பலருக்கு இந்தக் குறை உண்டு. அவர்கள் சிறுபிள்ளைகளாக இருந்த காலத்தில் பல் வலி வந்தால் தோட்டத்து டிரஸ்ஸரிடம் போவார்கள். அவர் மாத்திரை கொடுப்பார். வலி தாங்காவிட்டால் பட்டணத்துக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வருவார்கள். பள்ளிக்கூடத்துக்கு வந்த அரசாங்கப் பல் தாதியர் சொத்தையை அடைத்தார்கள், கெட்டுப்போன பல்லை எடுத்தார்கள். 1949ஆம் ஆண்டில் பினாங்கில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த அந்தத் தாதியர் ஏழைப் பிள்ளைகளுக்குச் செய்த சேவை பெரிது. ஆனால் பல்வரிசையைச் சீராக்குவது அவர்கள் வேலையாக இருக்கவில்லை. தோட்டத்துச் சம்பளத்தில் பிள்ளையின் பல்லுக்குக் கம்பி கட்டுவதை எந்தத் தாய் தகப்பனும் நினைத்துப் பார்க்கவும் இல்லை.

அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது 35, 40 வயது. சொந்தச் சம்பளம் இருக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் விளம்பரம் வருகிறது. கம்பி வேண்டாம், கண்ணுக்குத் தெரியாது, வலிக்காது, மாதம் சில நூறு வெள்ளி கட்டினால் போதும் என்கிறது. ஆசை வருவது இயற்கை. அதைப் பெருமைக்கு அலைவது என்று யாரும் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. முப்பது வருஷம் வாயை மூடிச் சிரித்தவருக்கு அதன் வேதனை தெரியும். ஆனால் பணத்தைக் கட்டுவதற்கு முன் அந்தப் பணம் எதற்குப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அலைனர் என்றால் என்ன?

அலைனர் என்பது பற்களின் மேல் உறைபோலப் பொருந்தும் மெல்லிய, நிறமில்லாத பிளாஸ்டிக். இதை உலகமெங்கும் பரப்பியது அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1997இல் தொடங்கப்பட்ட அலைன் டெக்னாலஜி நிறுவனம். அதன் ‘இன்விசலைன்’ உறைக்கு அமெரிக்க அரசின் அனுமதி 1998இல் கிடைத்தது. அந்த நிறுவனத்தின் முக்கியக் காப்புரிமைகள் 2017ஆம் ஆண்டு முதல் ஒவ்வொன்றாக முடியத் தொடங்கின. அதன் பிறகு பல நாடுகளில் புதிய நிறுவனங்கள் இந்தத் தொழிலுக்கு வந்தன. விலையும் பல வகையாகப் பிரிந்தது.

வேலை நடக்கும் முறை இதுதான். பல் மருத்துவர் முதலில் வாயை முப்பரிமாணக் கருவியால் படம் பிடிக்கிறார். எந்தப் பல் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்று கணினியில் திட்டம் போடப்படுகிறது. திட்டத்தின் ஒவ்வொரு படிக்கும் ஓர் உறை தயாராகிறது. ஓர் உறை ஒரு பல்லை நகர்த்துவது ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான். ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடுத்த உறைக்கு மாற வேண்டும். சிறிய கோணலுக்கு 7 அல்லது 14 உறைகள் போதும். பெரிய கோணலுக்கு 30, 40 என்று போகும். அதற்கு ஒன்றரை அல்லது இரண்டு வருஷம் ஆகலாம்.

ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் உறை வாயில் இருக்க வேண்டும். சாப்பிடும்போது கழற்ற வேண்டும். தே தாரிக், காப்பி குடிக்கும்போதும் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் உறையில் கறை ஏறும். சீனியும் பல்லுக்கும் உறைக்கும் நடுவே தேங்கிச் சொத்தையை உண்டாக்கும். காலையில் ஒரு தே, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் சகாக்களோடு கடையில் ஒரு மணி நேரம் என்று பழகியவர், உறையைக் கழற்றி வைத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் திகைத்துப் போவார். கம்பியைக் கழற்ற முடியாது. அதனால் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அலைனரைக் கழற்றலாம். அதில் உள்ள வசதியும் ஆபத்தும் அதுவே. பணம் கட்டியும் பல் நகராமல் போவதற்குப் பெரிய காரணம், உறை வாயில் இல்லாமல் டப்பாவில் இருந்ததுதான்.

நாற்பது வயதில் பல் நகருமா?

பெரியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. நகரும். பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய தசைநார் இருக்கிறது. பல்லின் மீது மெதுவாகவும் தொடர்ந்தும் அழுத்தம் விழுந்தால், ஒரு பக்கம் எலும்பு கரையும். மறுபக்கம் புதிய எலும்பு உருவாகும். இந்த வேலை எந்த வயதிலும் நடக்கும். பிள்ளைகளின் தாடை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். பெரியவர்களுக்கு அது நின்றுவிடும். ஆகவே மேல்தாடை, கீழ்த்தாடை பொருந்தாத கோளாறு கடுமையாக இருந்தால் உறையால் மட்டும் சரிசெய்ய முடியாது. சிலருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.

வயதை விட ஈறுதான் முக்கியம். ஈறு வீங்கி, எலும்பு தேய்ந்து, பல் ஆடிக்கொண்டிருக்கும் வாயில் உறையைப் போட்டால் பல் சீராவதற்குப் பதில் விழுந்துவிடலாம். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் எளிதில் வரும். மலேசியாவில் மற்ற இனத்தவரைக் காட்டிலும் இந்தியர்களிடம் நீரிழிவு அதிகம் என்பதைச் சுகாதார அமைச்சின் ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. எனவே நமது சமூகத்தில் இந்தச் சிகிச்சைக்குப் போகும் பெரியவர் முதலில் இரத்தச் சீனியைப் பார்க்க வேண்டும். பல்லைச் சுத்தம் செய்து, சொத்தையை அடைத்து, ஈறைக் குணப்படுத்திக்கொள்ள வேண்டும். இதற்கு அரசாங்கப் பல் கிளினிக்குகளில் மிகக் குறைந்த கட்டணமே ஆகும்.

இன்னொன்றும் உண்டு. உருண்டை வடிவப் பல் பெரிதாகத் திரும்பி இருந்தாலும், பல்லைப் பிடுங்கிய இடைவெளியை மூட வேண்டியிருந்தாலும், உறையை விடக் கம்பி நம்பகமாக வேலை செய்யும். உங்களுக்குக் கம்பிதான் நல்லது என்று ஒரு மருத்துவர் சொன்னால், அவர் குறைந்த விலைப் பொருளைத் தலையில் கட்டுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

விலை எப்படி வருகிறது?

மலேசியத் தனியார் கிளினிக்குகளில் இரும்புக் கம்பிக்குச் சுமார் 5,000 முதல் 8,000 வெள்ளி வரை கேட்கிறார்கள். அலைனர் என்றால், முன்பல்லில் செய்யும் சிறிய திருத்தத்துக்கு 5,000 வெள்ளி அளவில் தொடங்கி, மேலும் கீழும் முழுவரிசைக்குச் செய்யும் சிகிச்சைக்கு 10,000 முதல் 20,000 வெள்ளி வரை போகிறது. பல்லின் கோளாறு, நிறுவனம், மருத்துவரின் தகுதி, ஊர் ஆகியவற்றைப் பொறுத்து இது கூடும், குறையும்.

நடுத்தரமாக 12,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 2025ஆம் ஆண்டில் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் 12,000 வெள்ளி என்பது ஏழு மாத உழைப்பு. ஆகவே இது விளையாட்டல்ல.

ஒரு பிளாஸ்டிக் உறைக்கா இவ்வளவு என்று பலர் கேட்கிறார்கள். உறை செய்யும் பிளாஸ்டிக்கின் விலை மிகச் சிறியது. கட்டணத்தின் ஒரு பெரும் பகுதி, திட்டம் போட்டு உறைகளைத் தயாரித்து அனுப்பும் நிறுவனத்துக்குப் போகிறது. மற்றொரு பகுதி மருத்துவரின் வேலைக்கு. எக்ஸ்ரே எடுத்து வேர்களையும் எலும்பையும் பார்ப்பது, கணினி போட்ட திட்டத்தைத் திருத்துவது, உறை பிடித்துக்கொள்ளப் பல்லின் மேல் சிறு பொட்டுகளை ஒட்டுவது, இடம் போதாத இடத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே மில்லிமீட்டரின் சிறு பங்கு அளவுக்குத் தேய்ப்பது, சில வாரத்துக்கு ஒருமுறை வரவழைத்துப் பல் திட்டப்படி நகர்கிறதா என்று சோதிப்பது எல்லாம் அதில் அடங்கும். கணினியில் ஓடும் படத்தில் பல் அழகாக நகரும். வாயில் அப்படியே நடக்காது. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்காகத்தான் மருத்துவருக்குப் பணம் கொடுக்கிறோம்.

விளம்பர விலையில் சேராதவை

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் தொகை எப்போதும் முழுத்தொகை அல்ல. எக்ஸ்ரேயும் முப்பரிமாணப் படமும் தனிக் கட்டணமாக இருக்கலாம். சுத்தம் செய்வது, சொத்தை அடைப்பது, ஞானப்பல்லை எடுப்பது தனி. முதல் சுற்று உறைகள் முடிந்ததும் சில பற்கள் இன்னும் சரியாக வராமல் இருப்பது மிகச் சாதாரணம். அப்போது மீண்டும் படம் பிடித்து இரண்டாம் சுற்று உறைகள் செய்ய வேண்டும். சில கிளினிக்குகள் இதை முதல் கட்டணத்திலேயே சேர்த்துவிடும். சில இடங்களில் இதற்கு மறுபடியும் ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டிவரும். உறையைச் சாப்பாட்டுக் கடையில் டிஷ்யூவில் சுற்றி வைத்து, தட்டோடு குப்பைக்குப் போய்விட்டால் அதற்கும் செலவு.

பலருக்குக் கடைசி வரை சொல்லப்படாத செலவு ஒன்று உண்டு. அது ரிட்டேய்னர். சிகிச்சை முடிந்த பற்கள் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அவற்றைப் பிடித்து வைக்க ரிட்டேய்னர் என்ற உறையை முதலில் பல மாதங்கள் முழுநேரமும், பிறகு இரவிலும் போட வேண்டும். இரவில் போடுவது ஓரிரு வருஷத்தோடு முடிவதல்ல. பல்வரிசை சீராக இருக்க வேண்டும் என்று விரும்பும் காலம் வரை போட வேண்டும். அது தேயும், உடையும். மாற்றும்போதெல்லாம் சில நூறு வெள்ளி ஆகும். 12,000 வெள்ளி செலவழித்துவிட்டு, ரிட்டேய்னருக்குக் கணக்குப் பார்த்து விட்டுவிட்டால், சில வருஷங்களில் முன்பல் பழையபடி கோணலாகிவிடும்.

மலாக்காவில் நடந்த வழக்கு

முறையான சிகிச்சை விலை அதிகம் என்பதால் குறுக்கு வழி தேடுபவர்கள் உண்டு. அவர்களுக்கு ஊருக்குள்ளேயே ஒரு பாடம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டில் 20 வயது இளம்பெண் ஒருவர், பதிவு செய்யப்படாத பல் கிளினிக்கை மலாக்காவில் ஒரு தங்குமிடத்தில் நடத்தியதாக ஆயர் குரோவில் உள்ள செஷன்ஸ் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டார். அவர் பல் மருத்துவம் படித்தவர் அல்ல. யூடியூப் காணொளிகளைப் பார்த்துக் கம்பி மாட்டக் கற்றுக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதி, சேவைகள் சட்டத்தின் கீழ் அவருக்கு 70,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. கட்ட முடியாமல் சிறைக்குப் போனார். பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி அபராதம் கட்டப்பட்ட பிறகு சில நாட்களில் வெளியே வந்தார்.

அந்த வழக்கு நாடு முழுவதும் பேசப்பட்டது. பலர் அந்தப் பெண்ணுக்காக இரக்கப்பட்டார்கள். ஆனால் அங்கே போய் வாயைத் திறந்து காட்டியவர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். முறையான சிகிச்சைக்குப் பணம் இல்லாததால், குறைந்த விலைக்குக் கிடைத்ததை நம்பிப் போனவர்கள் அவர்கள். எக்ஸ்ரே எடுக்காமல் பல்லை இழுத்தால் வேர் கரையலாம், ஈறு கெடலாம், நல்ல பல்லே போகலாம். பிறகு அதைச் சரிசெய்ய ஆகும் செலவு, முதலிலேயே முறையாகப் போயிருந்தால் ஆகும் செலவை விடப் பெரிதாகிவிடும்.

நிறுவனமே மூடிவிட்டால்?

வீட்டுக்கே பொருளை அனுப்பி, நீங்களே அச்சு எடுத்துத் தபாலில் போடுங்கள், உறை வீடு தேடி வரும் என்று வியாபாரம் செய்த நிறுவனங்களும் உண்டு. அமெரிக்காவில் 2014இல் தொடங்கிய ஸ்மைல் டைரக்ட் கிளப் அவற்றில் பெரியது. மருத்துவரை நேரில் பார்க்க வேண்டியதில்லை என்பதால் விலை குறைவு. 2019இல் அது பங்குச் சந்தைக்கும் வந்தது. 2023 செப்டம்பரில் திவால் பாதுகாப்புக் கேட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அடியோடு மூடப்பட்டது. சிகிச்சையின் நடுவில் இருந்தவர்களுக்கு அடுத்த உறை வரவில்லை. தவணையில் வாங்கியவர்களோ மீதித் தவணையைத் தொடர்ந்து கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டார்கள்.

இது தூர தேசத்துக் கதை என்று விட்டுவிட முடியாது. பல் சிகிச்சை ஒரே நாளில் முடியும் வேலை அல்ல. இரண்டு வருஷம் தொடரும். நடுவில் பிரச்சினை வந்தால் கதவைத் தட்ட ஓர் இடம், பதில் சொல்ல ஒரு மருத்துவர் வேண்டும்.

பணத்துக்கு என்ன வழி?

தவணைத் திட்டம் இல்லாத கிளினிக் இன்று அரிது. 12,000 வெள்ளியை வட்டியில்லாமல் 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 500 வெள்ளி. அதே தொகையைக் கடன் அட்டையில் போட்டு, ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியில் 24 மாதத்தில் கட்டி முடித்தால் மாதம் சுமார் 600 வெள்ளி ஆகும். முடிவில் வட்டி மட்டும் ஏறக்குறைய 2,400 வெள்ளி. அது ரிட்டேய்னர்களுக்குப் பல வருஷம் வந்திருக்கும்.

ஊழியர் சேமநிதி வாரியம் 2024 மே மாதம் தொடங்கிய நெகிழ்வுக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். முன்பணத்துக்கு அதில் கை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எடுப்பது அவரவர் உரிமை. ஆனால் 30 வயதில் எடுக்கும் 3,000 வெள்ளி, ஆண்டுக்கு 5 விழுக்காடு இலாப ஈவு என்று வைத்துக்கொண்டால், 60 வயதில் சுமார் 13,000 வெள்ளியாக வளர்ந்திருக்கும். அதையும் மனத்தில் வைத்து முடிவு செய்ய வேண்டும்.

வருமான வரி கட்டுகிறவர்களுக்குப் பல் பரிசோதனை, சிகிச்சைச் செலவுக்காக 1,000 வெள்ளி வரையிலான வரி விலக்கு 2024 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து கொடுக்கப்பட்டது. அழகுக்காகச் செய்யும் சிகிச்சை அதில் சேராது. ஆகவே அலைனர் செலவை நம்பிக்கையோடு கணக்கில் எழுதுவதற்கு முன் வருமான வரி வாரியத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அரசாங்க மருத்துவமனைகளிலும் பல் சீரமைப்பு நிபுணர்கள் இருக்கிறார்கள். அங்கே வளரும் பிள்ளைகளுக்கும், கடுமையான கோளாறு உள்ளவர்களுக்கும், உதட்டிலும் அண்ணத்திலும் பிளவோடு பிறந்தவர்களுக்கும் முன்னுரிமை. காத்திருப்பும் நீண்டது. மெல்ல முடியாத அளவுக்கு, அல்லது கீழ்ப்பல் மேல் ஈறைக் குத்தும் அளவுக்குக் கோளாறு உள்ள பெரியவர், அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டி நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். பல் மருத்துவக் கல்லூரிகளின் சிகிச்சைக் கூடங்களும் உண்டு. மலாக்கா புக்கிட் பாருவிலேயே அப்படியொரு கல்லூரி இருக்கிறது. எல்லாச் சிகிச்சையும் அங்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆயினும் வாயை முழுமையாகப் பரிசோதித்து ஈறையும் சொத்தையையும் சரிசெய்துகொள்ள அது ஒரு வழி.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

முதலாவது, சிகிச்சை செய்பவர் மலேசிய பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா? அவர் பொதுப் பல் மருத்துவரா, பல் சீரமைப்பில் மேற்படிப்பு முடித்த நிபுணரா? பொதுப் பல் மருத்துவரும் அலைனர் சிகிச்சை செய்யலாம். சிக்கலான கோளாறுக்கு நிபுணரிடம் போவது நல்லது. பதிவை மன்றத்தின் பதிவேட்டில் பார்க்கலாம்.

இரண்டாவது, சொல்லும் விலையில் எவையெல்லாம் அடக்கம்? எக்ஸ்ரே, பொட்டு ஒட்டுவது, இரண்டாம் சுற்று உறைகள், முதல் ரிட்டேய்னர் ஆகிய நான்கையும் பெயர் சொல்லிக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எத்தனை முறை மருத்துவரை நேரில் பார்ப்போம்? கைப்பேசிப் படம் அனுப்பினால் போதும் என்று மட்டும் சொன்னால் தயங்குங்கள்.

நான்காவது, வேலை மாறி ஜொகூருக்கோ சிங்கப்பூருக்கோ போக நேர்ந்தால், அல்லது கிளினிக் மூடப்பட்டால், மீதிப் பணத்துக்கும் மீதிச் சிகிச்சைக்கும் என்ன ஏற்பாடு?

ஐந்தாவது, எனக்குக் கம்பி போட்டால் என்ன செலவு, என்ன பலன்? எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? நேர்மையான மருத்துவர் மூன்றுக்கும் பதில் சொல்வார். முடிந்தால் இரண்டு இடத்தில் கேட்டுப் பாருங்கள். அன்றே கையெழுத்துப் போட்டால் ஆயிரம் வெள்ளி தள்ளுபடி என்று அவசரப்படுத்தும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகு சிலர், இப்போது வேண்டாம், முதலில் ஈறைச் சரிசெய்வோம் என்று முடிவு செய்யலாம். சிலர் தங்களுக்கு வைத்திருந்த பணத்தை மகளின் பல்லுக்குக் கம்பி போட ஒதுக்கலாம். வளரும் வயதில் செய்தால் பிள்ளைக்குத் தாடைக் கோளாற்றையும் திருத்த வழி உண்டு என்பதால் அதுவும் நல்ல முடிவுதான். இன்னும் சிலர் ஒரு வருஷம் சேமித்து, தக்க மருத்துவரைத் தேடிப் போய், தங்களுக்கே செய்துகொள்ளலாம். தோட்டத்தில் பிறந்ததால் பிள்ளைப் பருவத்தில் கிடைக்காததை நாற்பது வயதில் உழைத்த காசில் வாங்கிக்கொள்ள அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அந்தக் காசுக்குச் சரியான மருத்துவரும் எழுத்தில் ஒரு கணக்கும் கிடைத்திருக்கிறதா என்பதை மட்டும், முதல் தவணை கட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.